ஒரு சிப்பாய் கம்மியா இருக்குற டீக்கடை: ரங்கூன்ல செஸ் ஆடணும்னா இங்க போங்க, டீ குடிக்கணும்னா யோசிச்சுப் போங்க

மொதல்லயே சொல்லிடுறேன், இந்தக் கடைக்குப் பேர்ப்பலகை கெடையாது. முன்னாடி ஒண்ணு இருந்துச்சாம், ஏதோ ஒரு மழைக்காலத்துல கழண்டு விழுந்துச்சு, அதுக்கப்புறம் யாரும் மாட்டல. நாங்க சந்துக்கடைன்னு சொல்லுவோம். அனொரத்தா ரோட்டுல காளியம்மன் கோயில் இருக்குல்ல, அங்கருந்து நடந்து போற தூரம்தான். வழி கேக்குறப்போ மட்டும் ஆளைப் பாத்துக் கேளுங்க. வயசானவங்ககிட்ட கேட்டா அனொரத்தா ரோட்டை ஃப்ரேசர் தெருன்னுதான் சொல்லுவாங்க, மகா பண்டூலா ரோடு அவங்களுக்கு டல்ஹௌசி தெரு, ஷ்வே பொன்தா தெரு இன்னைக்கும் மொகல் தெரு. சின்னப் பசங்ககிட்ட ஃப்ரேசர் தெருன்னு கேட்டா உங்கள மேலயும் கீழயும் பாப்பாங்க.

நான் சிரியத்துல இருந்து வர்றேன், இப்ப தன்லின்னு சொல்றாங்க. ஞாயித்துக்கெழம காலைல பஸ் புடிச்சு, பாலம் தாண்டி, நெரிசல்ல நின்னுக்கிட்டே வந்து எறங்குறதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடும். இவ்ளோ தூரம் வந்து டீ குடிக்கிற அளவுக்கு அந்த டீ ஒண்ணும் பிரமாதம் இல்ல. அப்புறம் ஏன் வர்றேன்னா, இந்தக் கடைல செஸ் ஆடலாம், எவ்ளோ நேரம் உக்காந்தாலும் யாரும் எழுந்திரின்னு சொல்ல மாட்டாங்க, அவ்ளோதான். ஏழெட்டுப் பேரு சேருவோம். க்ளப்புன்னு நாங்களே சொல்லிக்கிறது, பதிவு, சந்தா எல்லாம் கெடையாது, யாருக்கும் ரேட்டிங்கும் கெடையாது. நல்லா ஆடுறவங்க ரெண்டு பேரு, மீதிப் பேரு என்னை மாதிரி.

சரி, டீ. நம்ம ஊர்லருந்து வந்து இத படிக்கிறவங்களுக்காக சொல்றேன், இங்க வெறும் டீன்னு கேக்கக்கூடாது, எப்படி வேணும்னு சொல்லணும். பால் தூக்கலா இனிப்பா வேணும்னா ச்சோ செய்ன், இனிப்பு கம்மியா டிக்காஷன் தூக்கலா வேணும்னா போ ச்சா, ஒண்ணும் புரியலன்னா பொன் ம்மான்னு சொல்லுங்க, சாதாவா போட்டுத் தருவாங்க. கன்டென்ஸ்டு பாலும் டப்பா பாலும் ஊத்தித்தான் எங்கயும் போடுறது. இந்தக் கடைல என்ன கேட்டாலும் ச்சோ செய்ன்தான் வருது. நான் நாலு வருஷமா போ ச்சா கேக்குறேன், நாலு வருஷமா பாயாசம் குடிக்கிறேன். வெல 2,000 கியாட், ஏறிட்டேதான் போகுது, அதுக்கு கடைக்காரர சொல்லிக் குத்தமில்ல. பிளாஸ்க்ல வெறும் பச்சத் தேயில தண்ணி எல்லா மேசைலயும் சும்மாவே இருக்கும், எவ்ளோ வேணா குடிக்கலாம், உண்மைய சொன்னா அதுதான் அங்க நல்ல டீ. பரிமாறுற பசங்கள கூப்பிட முத்தம் குடுக்குற மாதிரி உதட்டுல சத்தம் போடணும், சென்னைலருந்து வந்த என் மச்சான் மொத நாள் இத கேட்டு வெளிய போலாம்னு எந்திரிச்சிட்டான்.

சாப்பாட்டுல பலாத்தா, அதாவது பரோட்டா, சுமார், அவிச்ச பட்டாணி போட்டுக் குடுக்குற நான் ரொட்டி நல்லாருக்கும், சமோசா மட்டும் சூப்பர். சமோசாவ கத்திரிக்கோலால வெட்டி, முட்டைக்கோசு, வெங்காயம், புளித்தண்ணி ஊத்திக் கலக்கித் தருவாங்க. கலக்குறதுக்கு பர்மாக்காரங்க சொல்ற அத்தோதான் உங்க சென்னைல பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டில விக்கிற அத்தோ. இங்கருந்து திரும்பிப் போன நம்ம சனங்களுக்காக 1969-ல வந்த பஜார் அது, சாப்பாடும் கூடவே போயிடுச்சு.

இப்போ போர்டுக்கு வர்றேன், இந்த ரிவ்யூவே அதுக்குத்தான்.

கடைசி மேசைல செஸ் கட்டம் பெயின்ட்ல வரஞ்சிருக்கு. வரஞ்சவரு நல்லா நேரா வரஞ்சிருக்காரு, கட்டமும் பெருசு, ஆனா மேசைய செவத்தோட ஒட்டிப் போட்டா ஆடுறவங்களோட வலது கை மூலைல கறுப்புக் கட்டம் வரும். வலது கை மூலைல வெள்ள வரணும்ங்கிறது செஸ்ல மொத பாடம். ஒவ்வொரு வாரமும் மேசைய தூக்கித் திருப்பிப் போட்டாதான் ஆட முடியும், திருப்பிப் போட்டா ஒருத்தரு முதுகு செவத்துல முட்டும், இன்னொருத்தரு நடைபாதைல உக்காரணும், டீ எடுத்துட்டுப் போற பசங்க அவரு தோள்ல இடிச்சுட்டே போவாங்க. நடைபாதைல உக்காருறவருதான் கறுப்பு, இது எழுதாத சட்டம். திருப்பாம ஆடி, ராணி எந்தப் பக்கம் ராஜா எந்தப் பக்கம்னு கொழம்பி, பாதி ஆட்டத்துல கண்டுபுடிச்சு சண்ட போட்டவங்களும் உண்டு.

காய்ங்க பிளாஸ்டிக், உள்ள ஒண்ணும் இல்லாத வெத்துக் காய். ஸ்டாண்ட் ஃபேன் இந்தப் பக்கம் திரும்புறப்போ எல்லாம் ராஜா லேசா ஆடும். கறுப்புக் குதிரைல ஒண்ணுக்கு காது ஒடஞ்சு பசை போட்டு ஒட்டிருக்கு, அது இப்ப முயல் மாதிரி இருக்கு. கடிகாரம் பழைய சாவி குடுக்குற டைப்பு, ரெண்டு முகம், தட்டுனா அந்தப் பக்கம் ஓடும். இடது பக்க பட்டன அழுத்தித் தட்டணும், மெதுவா தட்டுனா ரெண்டு பக்கமும் நின்னுடும். ஆளுக்கு 25 நிமிஷம். கரண்ட் போனாலும் ஓடுற ஒரே சாமான் கடைல அதுதான், ரங்கூன் கரண்ட பத்தி உங்களுக்கே தெரியும்.

பெரிய கொறை என்னன்னா வெள்ளைல ஒரு சிப்பாய் இல்ல. எப்ப தொலஞ்சதுன்னு யாருக்கும் தெரியல. அதுக்குப் பதிலா ஆரஞ்சு கலர் சோடா பாட்டில் மூடி ஒண்ணு வச்சிருக்காங்க. ஓரம் பல்லு பல்லா இருக்கும்ல, அந்தத் தகர மூடி. எல்லாரும் அத ஓரத்துல, ஹெச்2 கட்டத்துல (வெள்ளப் பக்கத்துலருந்து பாத்தா இடமிருந்து வலமா ஏ-லருந்து ஹெச், கீழருந்து மேல 1-லருந்து 8, அதுதான் கட்டத்தோட பேரு) வச்சிடுவோம், ஏன்னா ஓரத்துச் சிப்பாய் எப்பிடியும் ஆட்டம் முடியுற வரைக்கும் அங்கயே தூங்கும், கண்ணுக்கு உறுத்தாது. கடைக்கார அண்ணன்கிட்ட ஒரு தடவ கேட்டேன், அண்ணே, புதுசா ஒரு செட் வாங்கக்கூடாதான்னு. ஒரு சிப்பாய்க்காக முப்பத்தோரு காய தூக்கிப் போடச் சொல்றியா தம்பின்னாரு. பதில் சொல்லத் தெரியல.

அவருகிட்ட இன்னொரு போர்டும் இருக்கு, கல்லாப்பெட்டிக்குக் கீழ துணில சுத்தி. அது சித்துயின், பர்மாவோட பழைய சதுரங்கம். அண்ணனோட அப்பா தமிழ், அம்மா மொன்யுவா பக்கம், அம்மா வழித் தாத்தா ஆடுனது. ஒரு நாள் கேட்டுக் கெஞ்சிப் பாத்தேன். எட்டுக்கு எட்டு கட்டம்தான், ஆனா கறுப்பு வெள்ள கெடையாது, மூலைக்கு மூலை ரெண்டு குறுக்குக் கோடு ஓடுது. ஆரம்பத்துல சிப்பாய்ங்க மட்டும்தான் போர்டுல நிக்கும், அதுவும் பாதி மூணாவது வரிசைல, பாதி நாலாவது வரிசைல. மத்த காய்ங்கள ஆடுறவங்களே சிப்பாய்ங்களுக்குப் பின்னால அவங்கவங்க இஷ்டத்துக்கு நிறுத்திட்டுத்தான் சண்டையே ஆரம்பிக்கும். ராணி கெடையாது, சித்கேன்னு ஒரு தளபதி, குறுக்க ஒரு கட்டம்தான் போவாரு. 'சின்'னு சொன்னா யானை, அது நம்ம பிஷப் எடத்துல வருது, குறுக்க ஒரு கட்டம் இல்லன்னா நேரா முன்னாடி ஒரு கட்டம். இதுல நம்ம பாடு என்னன்னா, நாம தமிழ்ல மூலைல நிக்கிறத யானைங்கிறோம், அவங்களுக்கு அந்தக் காய் தேரு. அண்ணன்கிட்ட 'யானைய எடுத்தேன்'னு சொன்னா எந்த யானைன்னு கேப்பாரு. அந்த செட்லருந்து ஒரு சிப்பாய கடன் குடுங்கண்ணே, மூடிக்குப் பதிலா வச்சுக்கிறோம்னு கேட்டதுக்கு, தாத்தா கோவிச்சுக்குவாருன்னு துணிய மூடி உள்ள வச்சிட்டாரு. தாத்தா செத்து பல வருஷம் ஆச்சு.

சரி, போன மாசம் நடந்த ஆட்டம். மூடிய பத்தி நல்லதா ஒரு வார்த்த எழுதுறதா அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

எதுர்ல சயா, பர்மீஸ்ல வாத்தியார்னு அர்த்தம். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், எங்க கூட்டத்துல நல்லா ஆடுற ரெண்டு பேர்ல ஒருத்தரு, அவரு பேர சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல, தமிழ்க்காரங்க பர்மாக்காரங்க எல்லாருக்குமே அவரு சயாதான். அவருகிட்ட நான் அது வரைக்கும் ஒரு தடவ கூட ஜெயிச்சதில்ல, ரெண்டு டிரா, ஒண்ணு அவருக்கு வயித்து வலி வந்து வந்தது. வெள்ள எனக்கு, முதுகு செவத்துல. டி4 போட்டேன். பிஷப்ப எஃப்4-க்குக் கொண்டு வந்தேன். சயா சிரிச்சாரு. இப்படி ஆரம்பிக்கிற லண்டன் சிஸ்டத்த அவரு பென்ஷன் ஓபனிங்னு சொல்லுவாரு. நான் ஆட வேண்டியத நீ ஆடுற, நீ ஆட வேண்டிய சிசிலியன்ங்கிற அடிதடி ஓபனிங்க நான் ஆடுறேன்னு நக்கல்.

என் கத இதுதான், ஆபீஸ் வேல, வீடு, பஸ்ஸு, இதுக்கு நடுவுல ஈ4 ஆடுறதுக்கு எதிராளி என்ன போட்டாலும் படிச்சு வச்சிருக்கணும், அவ்ளோ நேரம் எங்க இருக்கு. லண்டன்னா எதிராளி என்ன போட்டாலும் நம்ம காய்ங்க அதே எடத்துக்குத்தான் போகும், சிப்பாய் டி4, ஈ3, சி3, பிஷப் எஃப்4, இன்னொரு பிஷப் டி3, குதிரைங்க எஃப்3, டி2. 1922-ல லண்டன்ல நடந்த போட்டியால வந்த பேரு, கபாபிளாங்கா ஜெயிச்ச போட்டி அது. சும்மா கெழவன் ஓபனிங்னு சொல்றவங்களுக்கு, 2023-ல உலக சாம்பியன்ஷிப்ல டிங் லிரென் ஆறாவது ஆட்டத்துல இதையேதான் போட்டு நெப்போம்னியாச்சிய ஜெயிச்சாரு. சயாகிட்ட இத சொன்னேன். டிங் லிரென் ஆடுனாருப்பா, நீயா ஆடுனன்னு கேட்டாரு.

ஆட்டம் இப்படிப் போச்சு, போர்டு வச்சிருக்கவங்க வச்சுப் பாருங்க. டி4, குதிரை எஃப்6. பிஷப் எஃப்4, ஈ6. ஈ3, டி5. குதிரை எஃப்3, பிஷப் ஈ7. பிஷப் டி3, சயா ராஜா பக்கம் கேஸ்லிங் பண்ணிட்டாரு, அதாவது ராஜாவ ஓரமா தள்ளி யானைய அதுக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்துட்டாரு. இன்னொரு குதிரை டி2, பி6. சி3, பிஷப் பி7. ஏழு மூவ் முடிஞ்சுது, ஒரு காய் கூட யாரும் எடுக்கல, கடிகாரத்துல ரெண்டு பேருக்கும் மூணு நிமிஷம்தான் போயிருந்துச்சு. இந்த எடத்துல நான் எப்பவும் கேஸ்லிங் பண்ணிடுவேன், பழக்கம். அன்னைக்கு என்னமோ தோணுச்சு, சயா ராஜா அங்க போய் உக்காந்துட்டாரு, என் ஹெச்1 யானை இன்னும் அங்கதான் இருக்கு, ஏன் அத எடம் மாத்தணும்னு. மூடிய ரெண்டு விரலால புடிச்சு ஹெச்4-க்குத் தள்ளுனேன். பெயின்ட் மேல தகரம் உராஞ்சு கர்ருன்னு ஒரு சத்தம். சயா சொன்னாரு, 'மூடிய எதுக்குப்பா தொந்தரவு பண்ற?'

இந்த வசனத்த ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

அப்புறம் ஆறு நிமிஷம் யோசிச்சாரு. நான் மூடியோட பல்ல எண்ணுனேன், 21. (வேணும்னா நீங்களும் எண்ணிப் பாருங்க, பொதுவா சோடா மூடில 21தான்.) கரண்ட் போச்சு, ஃபேன் நின்னுச்சு, பின்னாடி ஜெனரேட்டர் இழுக்குற சத்தம், வந்துச்சு, ஃபேன் சுத்துச்சு, ராஜா ஆடுச்சு, மூடி மட்டும் ஆடல, போர்டுல காத்துக்கு அசையாத ஒரே காய் அது. சயா குதிரைய ஹெச்5-ல வச்சாரு. என் எஃப்4 பிஷப்ப அடிக்கப் போறாராம். லண்டன் ஆடுறவங்க எல்லாருக்கும் இந்த எரிச்சல் பழக்கம், அந்த பிஷப் மேல எல்லாருக்கும் ஒரு கண்ணு. வழக்கமா நானும் பிஷப்ப நகத்திட்டு வேலயப் பாப்பேன்.

ஆனா அந்தக் குதிரை எஃப்6-ல இருந்தப்போ என்ன வேல பாத்துச்சுன்னு பாருங்க. ஹெச்7-க்கு காவல் அதுதான். காவக்காரன் போயிட்டான். என் டி3 பிஷப்புக்கும் ஹெச்7-க்கும் நடுவுல ஒண்ணும் இல்ல.

பிஷப்ப எடுத்து ஹெச்7 சிப்பாய அடிச்சேன், செக். சும்மா குடுக்குறேன், ராஜா எடுத்துக்கலாம், எடுத்துட்டாரு. குதிரை ஜி5, செக். 400 வருஷத்துக்கு முன்னாடி கிரேக்கோன்னு ஒரு இத்தாலிக்காரரு எழுதி வச்ச பலி இது, செஸ் கத்துக்குற எல்லாரும் ஒரு தடவயாவது படத்துல பாத்திருப்பாங்க. பெரும்பாலும் படத்துல ஈ5-ல ஒரு சிப்பாய் இருக்கும், கறுப்பு பிஷப் ஜி5-அ பாக்காது. இங்க ஈ5-ல ஒண்ணுமில்ல, சயாவோட ஈ7 பிஷப் நேரா ஜி5-அ பாத்துட்டு இருக்கு, குதிரைய தூக்கிச் சாப்பிடலாம். அதனாலதான் அவரு பயப்படவே இல்ல. சிரிச்சுட்டே தண்ணி ஊத்திக் குடிச்சாரு, எனக்கும் ஊத்துனாரு.

குதிரைய அவரு எடுத்தா நான் எடுக்குறது மூடியால. ஹெச்4 மூடி ஜி5-க்குப் போயிடும். போனா ஹெச் வரிசை ஃபுல்லா தெறந்துடும், ஹெச்1-ல நான் கேஸ்லிங் பண்ணாம விட்ட யானை, நேரா ஹெச்7-ல ராஜா, நடுவுல அவரு குதிரை மட்டும். அது நகரக்கூட முடியாது. நான் என் குதிரைய ஜி5-ல வச்சதுமே அவரோட அந்த ஹெச்5 குதிரைய என் ராணியும் பாக்க ஆரம்பிச்சாச்சு, டி1-லருந்து ஹெச்5 வரைக்கும் கோடு கிளியரு. சயா இத பாத்துட்டாரு. கப்ப கீழ வச்சாரு. சிரிப்பு நின்னுச்சு.

ராஜாவ ஹெச்6-ல வச்சா என் குதிரை எஃப்7-அ அடிக்கும், குதிரையும் பிஷப்பும் சேந்து டபுள் செக், அவரு ராணியும் போச்சு. ஜி6-ல வச்சா? அங்கதான் எனக்கு உள்ளுக்குள்ள நடுக்கம், ஜி4 போடணும்னு மட்டும் வச்சிருந்தேன், அதுக்கப்புறம் என்னன்னு கேட்டா காளியம்மாதான் தொண. நல்ல வேள அவரு ராஜாவ ஜி8-க்கே திருப்பிக் கொண்டு போனாரு. ராணியால ஹெச்5 குதிரைய எடுத்தேன், அடுத்து ஹெச்7-ல மேட். வேற வழி இல்லாம பிஷப்பால ஜி5 குதிரைய எடுத்தாரு. மூடியால பிஷப்ப எடுத்தேன். எடுக்குறப்போ ஒரு சின்னப் பிரச்சன, சாதா சிப்பாய்னா தலைய புடிச்சு வைக்கலாம், மூடிய நகத்தால நோண்டி எடுத்து, பிஷப்ப இன்னொரு கையால தூக்கி, அந்த எடத்துல டிக்னு வைக்கணும். அந்த டிக் சத்தத்துக்கு அடுத்த மேசைல பேப்பர் படிச்சுட்டு இருந்தவரு கூட திரும்பிப் பாத்தாரு.

இப்ப கணக்கு போட்டா எனக்கு ஒரு சிப்பாய்தான் லாபம், ஆனா கணக்கு யாருக்கு வேணும், ராணி ஹெச்5-ல, பின்னாடியே யானை, அடுத்த மூவ் மேட். சயா எஃப்6 போட்டாரு, எஃப்7 வழியா ராஜாவ வெளிய அனுப்ப. ஒரே ஒரு ஜன்னல தெறந்தாரு. நான் மூடிய வச்சு மூடுனேன். ஜி6.

இதுக்கு மேல யானைய நகத்தி எஃப்8-அ காலி பண்ணாலும் ராணி ஹெச்8-ல மேட்தான், எடுக்க முடியாது, பின்னால என் யானை இருக்கு. பதிமூணே மூவ். சயா ஒரு நிமிஷம் போர்டையே பாத்தாரு, அப்புறம் ராஜாவ படுக்க வைக்க வேண்டியவரு மூடிய எடுத்துக் கைல வச்சுக்கிட்டு, 'இத நான் கவனிக்கலப்பா, யாரோ குடிச்ச சோடா மூடின்னு நெனச்சேன்' அப்படின்னாரு.

பாருங்க, இங்கதான் சண்ட. அவரு சொல்ற நியாயம் என்னன்னா, சிப்பாய்னா சிப்பாய் மாதிரி நிமிந்து நிக்கணும், படுத்துக் கெடக்குற காய மனுஷன் கண்ணு காயா எடுத்துக்காது, அதனால இந்த ஆட்டம் கணக்குல வராது, ஒழுங்கான சிப்பாய வச்சு மறுபடி ஆடணும். எட்டாவது மூவ்ல 'மூடிய எதுக்கு தொந்தரவு பண்ற'ன்னு கேட்டது யாரு சயான்னு கேட்டேன். அது மூடிய பத்திக் கேட்டது, சிப்பாய பத்தி இல்லங்கிறாரு. கணக்கு வாத்தியாருங்க கிட்ட பேசி ஜெயிக்க முடியாது. சுத்தி இருந்தவங்க ரெண்டு கட்சி ஆயிட்டாங்க. ஒருத்தரு, இதே மூடிய வச்சு சயா இவ்ளோ வருஷம் வெள்ளைல ஜெயிச்சாரே அதெல்லாம் கணக்குல இருந்து எடுத்துடலாமான்னாரு. அதுக்கு சயாகிட்ட பதில் இல்ல, டீக்கு அவரே காசு குடுத்துட்டாரு, எனக்கும் சேத்து. அத அவரு தோல்விய ஒத்துக்கிட்டதாத்தான் நான் எடுத்துக்கிட்டேன்.

நியாயமா பேசணும்னா, அவரு சொல்றதுல கொஞ்சம் உண்ம இருக்கு. நானும் கறுப்புல உக்காந்து இதே மூடிய மறந்துட்டு ராணிய அதுக்குக் குறுக்குக் கட்டத்துல கொண்டு போய் வச்சு எழந்திருக்கேன். ஆனா அவரு தோத்தது மூடியால இல்ல. ஹெச்5-க்குக் குதிரைய அனுப்புனதால. அதுக்குப் பதிலா சி5 போட்டிருந்தா, இல்ல இன்னொரு குதிரைய டி7-க்குக் கொண்டு வந்திருந்தா, நான் வழக்கம்போல அறுபது மூவ்ல தோத்திருப்பேன். கடைக்கும் இத சொல்றேன், ஒரு சிப்பாய் வாங்குங்க. வாங்குனாலும் அந்த மூடிய தூக்கிப் போடாதீங்க.

இன்னும் ரெண்டு மூணு விஷயம். 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன் ஆனதுலருந்து கடைக்கு சின்னப் பசங்க வர ஆரம்பிச்சிருக்காங்க, அப்பா அம்மாவே கூட்டிட்டு வந்து விட்டுட்டு பொகியோக் மார்க்கெட்டுக்குப் போயிடுறாங்க. செஸ்னா என்னன்னே தெரியாத மாமாங்க கூட 'நம்ம பையன்'னு பேசுறாங்க, சென்னைக்குப் போகாதவங்களும் சொல்றாங்க. நல்லதுதான். ஆனா ஒரே ஒரு போர்டு, பசங்க ஒரு ஆட்டத்த நாலு நிமிஷத்துல முடிச்சிட்டு மறுபடி மறுபடி ஆடுறாங்க, நாங்க நின்னுட்டு இருக்கோம். இன்னொரு மேசைல கட்டம் வரையச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லிருக்கோம், வரைவாரு, எந்தப் பக்கம் வெள்ள வரும்னுதான் பயமா இருக்கு.

பாத்ரூம் பின்னாடி, சாவி கல்லால இருக்கும், கேட்டு வாங்கணும். ஜெனரேட்டர் புகை சில நாள் உள்ள வரும், ஆஸ்துமா இருக்கவங்க வாசப்பக்கம் உக்காருங்க. ஸ்டூல் எல்லாம் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல், முட்டி வலி உள்ளவங்க அண்ணன்கிட்ட சொன்னா ரெண்டு ஸ்டூல ஒண்ணு மேல ஒண்ணு போட்டுத் தருவாரு, சயாவுக்கு அப்படித்தான். காலைல 6 மணிக்கே தெறந்துடும், செஸ் ஞாயித்துக்கெழம மட்டும், 8-லருந்து. மார்க் போடணும்னா டீக்கு அஞ்சுக்கு ரெண்டு, சமோசாவுக்கு நாலரை, ஆடுற எடத்துக்கு அஞ்சு, கடிகாரத்துக்கு மூணு, இடது பக்க பட்டன ரிப்பேர் பண்ணா நாலு.

போன வாரம் சயாவோட மறுபடி ஆடுனேன். அவருக்கு வெள்ள. உக்காந்ததும் மொத வேலயா ஹெச்2-ல இருந்த மூடிய எடுத்து ஏ2-ல வச்சாரு, அங்க இருந்த நல்ல சிப்பாய ஹெச்2-க்கு மாத்துனாரு. நாப்பத்தி ரெண்டு மூவ்ல நான் தோத்தேன். சமோசா பத்து மணிக்குள்ள தீந்துடும், வர்றவங்க சீக்கிரம் வாங்க.